வாசலுக்கு வெளியே ஒரு தண்ணீர்ப் பந்தல்

சவரிமுத்து என்னிடம் மூன்று முறை "ராங் நம்பர்" என்று சொல்லிப் போனை வைத்தார். மூன்றாவது முறை நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. வணக்கம் என்றுதான் சொன்னேன். அதற்கும் ராங் நம்பர் என்றால் மனிதர் வேண்டுமென்றே சொல்கிறார் என்று புரிந்துவிட்டது. அதனால்தான் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குக் கிளம்பினேன்.

நான் ஈப்போவில் பிறந்த மொழிபெயர்ப்பாளர். பெயர் புனிதா, வயது ஐம்பத்து நான்கு, பசி வந்தால் கோபமும் கூடவே வரும். சில வருடங்களாக ஒரு நிபுணர் குழுவுக்கு அறிக்கை எழுதிக் கொடுக்கிறேன். போர், அமைதி விவகாரங்களைக் கவனிக்கும் உலக நாடுகளின் சபை ஒன்றுக்கு அந்தக் குழு ஆலோசனை சொல்லும். இப்போது ஒரு நாட்டில் சண்டையும் நடக்கிறது, காலராவும் பரவுகிறது. சபை அனுப்பிய அமைதி காக்கும் படை அங்கே முகாம் போட்டிருக்கிறது. அந்தப் படை மருந்து வண்டிகளுக்குக் காவல் நின்றால் போதுமா, நோயாளிகளுக்குத் தானும் உதவலாமா என்பதுதான் கேள்வி. வியாழக்கிழமை மாலை வீடியோ கூட்டத்தில் சாட்சிகளைக் கேட்டுவிட்டுக் குழு தன் முடிவை எழுதும்.

படையினர் நோயாளிகளிடமிருந்து நூறு மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும் என்று ராணுவ ஆலோசகர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். துப்பாக்கியைப் பார்த்தால் ஜனங்கள் ஓடிவிடுவார்கள், கூட்டம் சேர்ந்தால் முகாமுக்கு ஆபத்து என்பது அவர்கள் வாதம். அதற்கு எதிராக எங்கள் கையில் இருந்தது ஒரு பழைய அறிக்கையில் ஒரே ஒரு பத்தி. ஒன்பது வருடங்களுக்கு முன் ஆப்பிரிக்காவில் வேறொரு முகாம். அங்கேயும் காலரா. தண்ணீர் சுத்திகரிக்கும் மெக்கானிக் ஒருவர் வாசலுக்கு வெளியே 'தண்ணீர்ப் பந்தல்' போட்டாராம். சுற்றியுள்ள ஊர்களில் சாவு குறைந்ததாம். மூன்று வாரத்தில் பந்தலைப் பிரித்து, கண்டிப்புக் கடிதத்தோடு அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். தண்ணீர்ப் பந்தலை ஆங்கில எழுத்தில் அப்படியே எழுதி, 'பொருள் தெரியவில்லை' என்று அடிக்குறிப்பும் போட்டிருந்தார்கள். குழுவில் அதற்குப் பொருள் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அந்த மெக்கானிக்தான் சவரிமுத்து. அந்த முகாமில் டாக்டராக இருந்தவர் மேஜர் ரங்கநாயகி, ஸ்ரீரங்கத்துக்காரர். இரண்டு பேரும் இப்போது ஓய்வு பெற்று ஒரே ஊரின் இரண்டு முனைகளில் இருக்கிறார்கள். டாக்டர் எங்கள் கடிதத்துக்கு ஒரு வரியில் பதில் போட்டிருந்தார்: எழுத்தில் உள்ளதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. இருவரும் வாய் திறக்காவிட்டால் அந்தப் பத்தி அறிக்கையிலிருந்து விழுந்துவிடும். நூறு மீட்டர் நிற்கும்.

திங்கட்கிழமை காலை இறங்கினேன். சித்திரை வெயில். ஈப்போவிலும் வெயில் உண்டு, ஆனால் அங்கே மதியத்துக்கு மேல் ஒரு மழை வந்து சமாதானம் செய்துவிட்டுப் போகும். திருச்சி வெயிலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மன்னார்புரம் சிக்னலில் ஆட்டோ நின்றபோது ஓட்டுநர் திரும்பி, "என்ன வேலையா வந்திருக்கீங்க மேடம்?" என்றார். சொன்னேன். பச்சை விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை.

"சண்டையப் பாக்குற சபைக்கும் வயித்தால போறதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

பின்னால் எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்தன. நான் அவசர அவசரமாக விளக்கினேன். சண்டை நடக்கும் ஊரில் டாக்டர் மட்டும் போக முடியாது. ரோட்டைத் திறந்துவிட இரண்டு பக்கத்துத் துப்பாக்கிக்காரர்களும் சம்மதிக்க வேண்டும். சண்டையைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள் என்று சொல்லும் அதிகாரம் சபைக்குத்தான் இருக்கிறது. லாரி, ஹெலிகாப்டர், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் எல்லாம் படையிடம்தான் இருக்கும். உதவவும் அவர்களால்தான் முடியும், பயமுறுத்தவும் அவர்களால்தான் முடியும்.

"கொரோனா டயத்துல எங்க தெருவ தகரம் வச்சு அடைச்சாங்க," என்றார் அவர், ஒருவழியாக வண்டியை எடுத்துக்கொண்டு. "லத்தியோட ரெண்டு போலீஸ். ஒருத்தரு யாரு வந்தாலும் வெரட்டுவாரு. இன்னொருத்தரு எங்கத்தாவுக்கு மாத்திரை வாங்கிட்டு வந்து தகரத்துக்கு மேல கைய நீட்டிக் குடுப்பாரு. ரெண்டு பேருக்கும் ஒரே யூனிபார்ம்தாங்க." இதை அப்படியே அறிக்கையில் எழுத எனக்கு ஆசைதான், ஆனால் குழுத் தலைவர் ஆதாரம் எங்கே என்று கேட்பார்.

சவரிமுத்துவின் வீடு எடமலைப்பட்டி புதூரில் ஒரு குறுக்குத் தெருவில். வாசலில் குடிநீர் மெஷின் பழுது பார்க்கும் போர்டு. தெரு முனையிலேயே ஒரு தண்ணீர்ப் பந்தல் இருந்தது. கீற்றுக் கூரை, மணலில் இரண்டு பானை, சங்கிலியில் கட்டிய எவர்சில்வர் டம்ளர். இரண்டு டம்ளர் நீர்மோர் குடித்துவிட்டுத் தெம்பாகப் போனேன்.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் குரல் கேட்காமலே கண்டுபிடித்துவிட்டார். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. "நீங்கதான் போன்ல வணக்கம் சொன்னவங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "வெயில்ல வந்திருக்கீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க. அந்தப் பேச்சு மட்டும் வேணாம்."

அவர் மனைவி ஜெயராணி வைத்த விரால் மீன் குழம்பைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். நான் கோலாலம்பூரில் மீன்தலைக் கறிக்குப் பேர் போன கடைகளில் எல்லாம் சாப்பிட்டவள், வாயைத் திறந்து பெருமை பேசவில்லை. மூன்றாவது முறை சோறு வாங்கிக்கொண்டே கேட்டேன், அவர் மூன்றாவது முறையும் மறுத்தார். கண்டிப்புக் கடிதம் பற்றியா என்றேன். "அது கெடக்குதுங்க. பீரோவுல இருக்கு," என்றார். கோபம் இல்லை. வேறு ஏதோ.

கிளம்பும்போது ஜெயராணி தெருவரைக்கும் வந்தார். "அக்கா, முனையில பந்தல் பாத்தீங்கல்ல? வருசா வருசம் தெருப் பசங்க போடுவாங்க. பந்தல் போட்ட நாள்லேர்ந்து பிரிக்கிற வரைக்கும் இவரு இந்தப் பக்கம் போக மாட்டாரு. பின்னால சந்து வழியா சுத்திக்கிட்டுத்தான் போவாரு. ஏன்னு கேட்டா பேச்ச மாத்திடுவாரு. ஒம்போது வருசமா எனக்கே தெரியலக்கா."

செவ்வாய்க்கிழமை ஸ்ரீரங்கம் போய் டாக்டரைப் பார்ப்பதாகத் திட்டம். போய்ச் சேர்ந்தது முக்கொம்பு. இதற்கு என் நாக்கைத் தவிர வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. ஸ்ரீரங்கம் பஸ் சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றபோது மணப்பாறை முறுக்கு விற்பவரைப் பார்த்து இறங்கினேன். வாங்கிக்கொண்டு ஓடி வந்து ஏறினால் அதே நிறம், அதே கூட்டம், ஆனால் வேறு பஸ். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கூட்டத்தில் கண்டக்டர் எங்கே போகிறீர்கள் என்று கேட்காமலே ஒரு சீட்டை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். கோலாலம்பூர் ரயில் என்றால் ஸ்டேஷன் கேட் திறக்காமல் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும். இங்கே வாழைத்தோப்பும் வாய்க்காலும் பார்த்து, முறுக்கைக் கடித்துக்கொண்டு, ஸ்ரீரங்கம் இவ்வளவு பசுமையா என்று வியந்தபடி கடைசி நிறுத்தம்வரை போனேன்.

"இது முக்கொம்புங்க," என்றார் கண்டக்டர். "கோபுரம் இல்லையேன்னு உங்களுக்குத் தோணலையா?"

டாக்டருக்குப் போன் செய்தேன். புதன்கிழமை காலை வாருங்கள், ஆனால் பேச ஒன்றுமில்லை என்றார். சரி, வந்தது வந்தோம் என்று உள்ளே போனேன். காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடம். சித்திரையில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம், ஆனாலும் மரத்தடியில் குடும்பம் குடும்பமாகச் சாப்பாட்டு மூட்டையைப் பிரித்து உட்கார்ந்திருந்தார்கள். முசிறிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, தனியாக நிற்கும் என்னைப் பார்த்துப் பாயில் இடம் கொடுத்தது. எலுமிச்சை சோறு, உருளைக்கிழங்குப் பொரியல். அந்த வீட்டு அம்மா ஒரு குடத்தில் மோரை ஊற்றி, தண்ணீர் விட்டு, உப்பைக் கையால் அள்ளிப் போட்டார். ஒரு கை, இன்னொரு அரைக் கை. ருசிகூடப் பார்க்கவில்லை. "எவ்வளவு போடறீங்கன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "கைக்குத் தெரியும்," என்றார். மோர் அருமையாக இருந்தது. நான் வீட்டில் தராசு வைத்து சமைப்பவள்.

அன்று மாலை மறுபடியும் எடமலைப்பட்டி புதூர் போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று மீதி முறுக்கோடு போனேன். பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே, அதனால் என் பஸ் கதையைச் சொன்னேன். கோபுரம் இல்லையே என்று தோன்றவில்லையா என்ற இடத்தில் சவரிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். அந்த உற்சாகத்தில் மோர் கதையையும் சொன்னேன், கைக்குத் தெரியும் என்று அந்த அம்மா சொன்னதையும்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தார்.

"கைக்குத் தெரியாதுங்க," என்றார்.

அப்புறம் அவர் பேசியதை நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். முகாம் வாசலுக்கு வெளியே தினமும் ஜனங்கள் வந்து விழுந்து கிடந்தார்கள். முகாம் ஆஸ்பத்திரி படைக்கு மட்டும்தான், வெளியாளைச் சேர்க்கத் தலைமையகத்தின் அனுமதி வேண்டும். டாக்டர் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். ஆளைச் சேர்க்கக் கூடாது என்றுதானே சொல்லியிருக்கிறார்கள், தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று சவரிமுத்துவுக்குத் தோன்றியது. ஊரில் சித்திரை மாதம் செய்வதுதானே. விதிப்படி வாசலிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நாலு கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டி, சந்தையில் பானை வாங்கி வைத்தார். தன் மெஷினில் சுத்தம் செய்த தண்ணீர், மெஸ்ஸிலிருந்து சர்க்கரை, உப்பு.

"மொதல்ல ஒருத்தரும் கிட்ட வரலைங்க. இந்த நோயே நீங்க கொண்டாந்ததுதான்னு சொன்னாங்க. சட்டையக் கழட்டி வச்சிட்டு, பனியனோட நின்னு, அவங்க பாக்க நானே குடிச்சேன். ஒவ்வொரு பானையிலேர்ந்தும். அப்புறம் ஒரு பொம்பள வந்துச்சு. இடுப்புல ஒரு பொம்பளப் புள்ள, ரெண்டு வயசு இருக்கும். நான்தான் டம்ளரால ஊத்துனேன். கொஞ்ச நேரத்துல புள்ள போயிருச்சு."

ஜெயராணி அடுக்களை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

"மறுநாள் டாக்டரம்மா கூடாரத்துல ஒரு படம் ஒட்டியிருந்ததப் பாத்தேன். ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்புன்னு. அரை டீஸ்பூனுங்க. நான் மொத நாளு எங்கம்மா நீர்மோருக்குப் போடுற மாதிரி ரெண்டு கை அள்ளிப் போட்டிருந்தேன். உப்பு கூடுனா புள்ளைங்களுக்கு ஆகாதுன்னு அதுல எழுதியிருந்துச்சு. அன்னிலேர்ந்து பானைக்குப் பானை கரண்டி கட்டுனேன், அளந்துதான் போட்டேன். எத்தனையோ பேரு பொழச்சாங்க, இல்லைங்கல. ஆனா அந்தப் புள்ளைய நான் கொன்னுட்டேன் மேடம். இத எப்படிக் கூட்டத்துல வந்து பெருமையா சொல்லச் சொல்றீங்க?"

நான் மருத்துவர் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வேறு எதற்கும் உதவாத ஆளாக இருப்பதில் எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை முறுக்கு விற்பவர் பக்கமே திரும்பாமல் நேராக ஸ்ரீரங்கம் போனேன். உத்திர வீதியில் மாவிலைத் தோரணம் கட்டிய சின்ன வீடு. முன்னறையில் நோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார் ரங்கநாயகி. அறுபத்தைந்து இருக்கும், முதுகு இன்னும் ராணுவத்தில்தான் இருந்தது.

"வாங்கோ. பெருமாள் சேவிச்சேளா?"

இன்னும் இல்லை என்றேன். "முதல்ல காபி சாப்பிடுங்கோ. அப்புறம் சேவிச்சுட்டுக் கிளம்புங்கோ. நான்தான் எழுதிட்டேனே, சொல்ல ஒண்ணுமில்லைன்னு." காபி வந்தது. எங்கள் ஊர்க் கடைகளில் டீயை ஒரு முழம் இழுத்து ஆற்றுவார்கள், நுரையைப் பார்த்தே வயிறு நிறைந்துவிடும். இந்தக் காபி அந்த வித்தையெல்லாம் காட்டாமலே என்னை வாயடைத்தது. பாதி டம்ளரில்தான் விஷயத்துக்கு வந்தேன். கூட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு கை உப்பைப் பற்றிச் சொன்னேன். பந்தல் பக்கம் போகாமல் அவர் சந்து வழியாகச் சுற்றிப் போவதையும் சொன்னேன்.

டாக்டர் தன் டம்ளரைக் கீழே வைத்தார். "உப்பா? ஒன்பது வருஷமா உப்புன்னா நெனச்சிண்டிருக்கார்?"

அலமாரியைத் திறந்து ஒரு நீலநிற நோட்டை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பக்கத்தை அவர் அடிக்கடி பார்த்திருக்க வேண்டும், நோட்டு தானாகவே அங்கே திறந்துகொண்டது. பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். உள்ளேயிருந்து ஒரு குரல், "தளிகை ஆயிடுத்து, சாப்ட்டுட்டுப் போகக்கூடாதா?" என்றது. அவர் தங்கை போல. "வந்து சாப்டறேன்," என்றார் டாக்டர். என் வயிறு அக்காரவடிசல் வாசனையைப் பிடித்துவிட்டிருந்தது, ஆனாலும் பின்னாலேயே ஓடினேன்.

ஆட்டோ வேண்டாம், பஸ்ஸில்தான் போவேன் என்று பிடிவாதம். அந்த பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஒரு சத்தத்தோடு நின்றது. டிரைவர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லாரும் இறங்கி அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். உச்சி வெயிலில் பாலத்தில் நின்றோம். டாக்டர் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். நான் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்துப் புலம்பினேன். பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற பெண் என்னைப் பார்த்து, "வெளியூருங்களா? இந்த வண்டி வாரம் ஒரு தடவ இங்கதாங்க நிக்கும்," என்று ஆறுதல் சொன்னார்.

சவரிமுத்து வாசலில் ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரைப் பார்த்ததும் எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார், கையில் திருப்புளியோடு.

"உக்காருங்கோ சவரிமுத்து," என்றார் டாக்டர். அவர் உட்காரவில்லை. டாக்டரும் நின்றுகொண்டே நோட்டைப் பிரித்தார். "அன்னிக்கு அந்தக் குழந்தை போனதும் நான்தான் வந்து பரிசோதிச்சேன். எழுதி வச்சிருக்கேன். வந்தப்பவே அதுக்கு விழுங்கற தெம்பு இல்லை. நீங்க ஊத்தினது அத்தனையும் வெளியில வழிஞ்சு போயிருக்கு. கழுத்து, சட்டை எல்லாம் நனைஞ்சிருந்தது. உங்க தண்ணி உள்ளயே போகலை. உப்பு கூடத்தான் இருந்தது, நான் ருசி பார்த்தேன். ஆனா அதனால அது போகலை."

"உள்ள போகலயா மேடம்?"

"போகலை."

"நான் ஊத்துனேனே."

"ஊத்தினேள். அது விழுங்கலை."

அவர் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். ஜெயராணி வந்து அவர் தோளில் கை வைத்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. சந்தையில் மீன் கிடைக்காத நாள் என்பதால் அன்று ரசமும் கத்திரிக்காய்க் கூட்டும். டாக்டர் வெளியில் சாப்பிடுவதில்லையாம், இளநீர் மட்டும் குடித்தார். மாலையில் அவரை வழியனுப்பும்போது சவரிமுத்து என்னிடம், "நாளைக்கு எத்தன மணிக்குங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். டாக்டரிடமும் கேட்டேன். கூட வந்து பக்கத்தில் உட்காருகிறேன், ஆனால் கேமராவுக்கு முன்னால் வர மாட்டேன் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒருவர் கிடைத்ததே போதும் என்றிருந்தது. டாக்டரை ஸ்ரீரங்கத்தில் விட்டுத் திரும்பும் வழியில் திருவானைக்காவலில் இறங்கி இரண்டு நெய் தோசை சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை மாலை சவரிமுத்துவின் கூடத்தில் என் மடிக்கணினியை டீப்பாய்மேல் வைத்தோம். அவர் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். டாக்டர் சொன்னபடி கேமராவில் படாத மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கூட்டம் தொடங்கும் நேரத்தில் கரண்ட் போனது. ஜெயராணி ஓடிப்போய் எதிர்வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு நீண்ட வயரை ஜன்னல் வழியாக இழுத்து வந்தார். உலக சபையின் விவகாரம் எடமலைப்பட்டி புதூரில் ஒரு சிவப்பு வயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

திரையில் ஏழு முகங்கள். தலைவர் நரைத்த முடியுள்ள பெண்மணி. ஓய்வு பெற்ற ஜெனரல் ஒருவர், நூறு மீட்டர் யோசனை அவருடையது. சவரிமுத்து பேசப் பேச நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"மொதல்ல இத எழுதிக்குங்க," என்று தொடங்கினார். "மொத நாளு நான் உப்ப அளக்காம போட்டேன். அது தப்பு. அன்னிக்கு ஒரு புள்ள போயிருச்சு. உப்பால யாரும் சாகலன்னு டாக்டரம்மா சொல்றாங்க. செத்திருக்கலாம். அதனால பானையிலயே கரண்டிய கட்டித் தொங்கவிடணும். அப்புறம், துப்பாக்கிக்காரர் யாரும் பந்தல்ல நிக்கக் கூடாது. நிக்குறவரு அவங்க முன்னால மொதல்ல தானே குடிக்கணும். அவ்வளவுதாங்க பந்தல்."

கேள்விகள் வந்தன. கூட்டம் கலவரம் செய்ததா? இல்லை, வரிசையில் நின்றார்கள். முகாமுக்கு ஆபத்து வந்ததா? ஒரு நாள் பானை திருட்டுப் போனது. இதற்கு ஜெனரல்கூடச் சிரித்தார். பிறகு அவர் காகிதத்தைப் பார்த்தபடி கேட்டார்: "முதல் நாள் ஒரு குழந்தை இறந்ததாகச் சொன்னீர்கள். உங்கள் முகாமில் மருத்துவர் இருந்தாரே. அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார்?"

சவரிமுத்து மூலைப் பக்கம் திரும்பவேயில்லை. "அவங்களுக்கு அனுமதி வரல சார்," என்றார்.

நான் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. டாக்டர் தன் நாற்காலியை சவரிமுத்துவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டு, திரையைப் பார்த்து உட்கார்ந்தார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர், ஆனால் தமிழில்தான் பேசினார். பக்கத்தில் இருப்பவருக்கும் புரிய வேண்டும் என்று நினைத்திருப்பார்.

"நான்தான் அந்த டாக்டர். வாசலுக்கு உள்பக்கம் நின்னுண்டிருந்தேன். உயிருக்கு ஆபத்துன்னா அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம், டாக்டரே முடிவு பண்ணலாம்னு விதியிலயே ஒரு வரி இருந்தது. எனக்குத் தெரியும். இருந்தும் காத்துண்டிருந்தேன். அந்தக் குழந்தைக்கு வாய் வழியா தண்ணி போயிருக்காது, ஊசி வழியா போயிருக்கும். ஊசி என் கையில இருந்தது. பத்து நிமிஷம் முன்னாடி நான் வெளியில வந்திருந்தா அது பொழச்சிருக்கும்."

எங்கள் தொழிலில் பேசுகிறவர் 'நான்' என்றால் நாங்களும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். நான் காத்திருந்தேன், ஊசி என் கையில் இருந்தது என்று என் வாயால் சொன்னேன். சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டு, "மேடம், விடுங்க மேடம்," என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு தலைவர் சொன்னார்: "நன்றி. நாங்கள் ஒரு தூரத்தை எழுதியாக வேண்டும். ஜெனரல் நூறு மீட்டர் என்கிறார். நீங்கள் எவ்வளவு என்கிறீர்கள்?"

நீல நோட்டு டாக்டரின் மடியில் மூடியே இருந்தது.

"நூறு மீட்டர்ங்கறது அன்னிக்கு நான் நின்ன தூரம்," என்றார். "அங்கேர்ந்து பார்த்தா கூட்டம் தெரிஞ்சுது. அந்தக் குழந்தையோட முகம் தெரியலை. தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேன். நம்பர் ஒண்ணும் போடாதேங்கோ. முகம் தெரியற தூரம்னு எழுதுங்கோ."

சொன்னேன். இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டவர் ஜெனரல். மறுபடியும் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து, தன் காகிதத்தில் ஏதோ ஒன்றை அடித்துவிட்டு எழுதத் தொடங்கினார்.